கணினி விசிறிகளின் இணைப்பும் ஆட்சியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடமைத்த நம் முன்னோர் சுவருக்குக் கல் தேடுமுன் காற்றுக்கு வழி தேடினர். நாற்சார் வீட்டின் நடுமுற்றமும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும், எதிரெதிரே அமைந்த வாயில்களும், அடுக்களையின் புகைக்கூடும் அழகு கருதி மட்டும் அமைந்தவையல்ல. சோளகம் எழும் மாதங்களில் ஒருபுறத்தாற் புகுங் காற்று, வீட்டின் வெம்மையைத் தன்னோடு ஏந்திக்கொண்டு மறுபுறத்தால் வெளியேறல் வேண்டும் என்னும் அறிவு அவ்வமைப்பின்கண் உறைந்துள்ளது. இன்று நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் மேசைமேல் வீற்றிருக்கும் கணினியும் ஒருவகையில் ஒரு சிறு வீடேயாம். அதற்கும் காற்று நுழையும் வாயிலும் வெம்மை நீங்கும் புகைக்கூடும் வேண்டும். அவற்றினூடே காற்றை நடத்தும் விசிறிகள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றை எவ்வாறு இணைத்தல் வேண்டும், அவற்றின் கதியை எவ்வாறு ஆளலாம் என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது இத்துணை விரிவாக ஆராய்தற்குரிய பொருளோ என வினவுவார் உளராயின், அவர்க்கு இரண்டு விடைகள் கூறலாம். ஒன்று பொருள்நிலை பற்றியது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. பிறநாட்டினின்று வரும் ஒவ்வொரு கணினியுறுப்பின் விலையையும் அம்மாற்றம் தொட்டது. உள்ள கணினியைப் பேணி நெடுங்காலம் பயன்கொள்ளுதல் அன்று முதல் நம்மவர்க்கு இன்றியமையாததாயிற்று. மற்றையது அறிவுச் செல்வம் பற்றியது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் சேமித்து வருகின்றது. பாடசாலைப் பதிவேடுகளும், கோயிற் கணக்குகளும், குடும்பங்களின் ஒளிப்படங்களும் இன்று கணினிகளிலே தங்கியுள்ளன. படியெடுத்து வேறிடத்து வைத்தலே அவற்றுக்கு முதற் காப்பு என்பதில் ஐயமில்லை. எனினும், அவற்றை அன்றாடம் ஏந்தி நிற்கும் பொறியை வெம்மையினின்று காத்தலும் நம் கடனாகும்.

வெம்மையின் பிறப்பும் செலவும்

கணினி உட்கொள்ளும் மின்வலு முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. 200 உவாற்று வலுவைக் கொள்ளும் கணினி, 200 உவாற்று வெப்பத்தைத் தரும் அடுப்புக்கு ஒப்பாகும். இவ்வெப்பத்தின் பெரும்பகுதி முறைவழியாக்கியிலும் வரைவியல் அட்டையிலும், நகத்தினும் சிறிது பெரிதான சிலிக்கன் தகடுகளிலே பிறக்கின்றது. ஆண்டிருந்து வெப்பம் செல்லும் வழியை நோக்குவோம். முறைவழியாக்கியின் உலோக மூடியினின்று இடையே பூசப்பட்ட பசையினூடாக வெப்பத் தணிப்பிக்குச் செல்லுதல் கடத்தலாம். தணிப்பியின் மெல்லிய தகடுகளைத் தொட்டுச் செல்லும் வளி அவ்வெப்பத்தை ஏந்திச் செல்லுதல் மேற்காவுகையாம். கதிர்வீசலாற் செல்வது மிகச் சிறிது. இவற்றுள் மேற்காவுகையை விரைவுபடுத்துதலே விசிறியின் தொழில்.

எத்துணை வளி வேண்டும் என்பதை மாணவர் தாமே கணித்தறியலாம். ஒரு கன மீற்றர் வளியின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்துதற்கு ஏறத்தாழ 1,200 யூல் வெப்பம் வேண்டும். எனவே 10 பாகை உயர்த்துதற்கு 12,000 யூல் வேண்டும். 200 உவாற்று என்பது செக்கனுக்கு 200 யூல். நிமிடத்துக்கு 12,000 யூல். ஆகவே, கணினிக்குள் புகும் வளி 10 பாகைக்கு மேற் சூடேறாது வெளிப்படுதல் வேண்டுமெனின், நிமிடத்துக்கு ஒரு கன மீற்றர் வளி அப்பெட்டியினூடு செல்லுதல் வேண்டும். 120 மில்லிமீற்றர் அகலமுள்ள நல்ல விசிறிகள் இரண்டொன்று இதனை எளிதிற் செய்யும். ஆயின் வளி வரும் வழி அடைபட்டிருத்தலாகாது.

இக்கணக்கினின்று மற்றோர் உண்மையும் போதரும். விசிறி குளிரைப் பிறப்பிப்பதன்று, வெப்பத்தை இடம்பெயர்ப்பது. அறையின் வெப்பநிலைக்குக் கீழே யாதொரு விசிறியும் கணினியைக் கொண்டு செல்லமாட்டாது. குளிர்நாட்டில் 20 பாகை அறையில் 57 பாகை காட்டும் முறைவழியாக்கி, அதே வேலையைச் செய்யுங்கால் சித்திரை வைகாசியில் நம் 33 பாகை அறையில் ஏறத்தாழ 70 பாகை காட்டும். பிறநாட்டு நூல்களிலும் விளம்பரங்களிலும் காணும் எண்களை நம்மூருக்கு அவ்வாறே கொள்ளுதல் பொருந்தாது.

முற்காலக் கணினிகளுக்கு இத்தொல்லை பெரிதும் இருந்ததில்லை. 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பீ.எம். தனியாட் கணினியில் வலு வழங்கியின் விசிறி ஒன்றே இருந்தது. முறைவழியாக்கியின்மேல் விசிறி எதுவும் இல்லை. 1990களில் முறைவழியாக்கிகளின் கதியும் வலுவும் உயர, அவற்றின்மேல் தனி விசிறி அமைத்தல் வழக்கமாயிற்று. இன்று நூறு உவாற்றுக்கு மேல் வெப்பந் தரும் முறைவழியாக்கிகளும் மேசைக் கணினிகளில் உள்ளன.

விசிறியின் உள்ளமைப்பு

1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரமின்றி வாழ்ந்த ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து வந்த மின்னால் வானொலி கேட்டோர் நம்மிடையே பலர் உளர். அவர்க்குக் கணினி விசிறியின் தத்துவத்தை விளக்குதல் எளிது. தைனமோவிலே காந்தம் சுழலச் சுருளில் மின் பிறந்தது. இங்கே சுருளில் மின் பாயக் காந்தம் சுழல்கின்றது. வினை ஒன்றே, திசை மாறிற்று.

விசிறியின் நடுவே அசையாது நிற்கும் செப்புக் கம்பிச் சுருள்கள் உள. அவற்றைக் கிண்ணம்போற் கவிந்த வளையக் காந்தம் இதழ்களோடு சேர்ந்து சுழலும். பழைய மோட்டர்களிற்போல உராயும் கரித்துண்டுகள் இதன்கண் இல்லை. காந்தத்தின் வடமுனை வந்ததோ தென்முனை வந்ததோ என்பதை ஹோல் உணரி என்னும் சிறு குறைகடத்தி அறிந்து கூற, அதற்கேற்பச் சுருள்களில் மின்னோட்டத்தை ஒரு நுண்சுற்று மாற்றிக்கொண்டேயிருக்கும். இதனால் தேய்வும் தீப்பொறியும் இல்லாதொழிந்தன. எஞ்சிய தேய்வு அச்சின் போதிகையிலேயே நிகழும். எண்ணெய்ப் போதிகை விலை குறைந்தது. வெம்மையில் அதன் எண்ணெய் வற்றும். சைக்கிட் சில்லின் அச்சிற் காணும் குண்டுகள் போன்றவற்றையுடைய குண்டுப் போதிகை நீடித்து உழைக்கும். சிறிது ஒலி மிகும். நம்மூர் வெப்பத்துக்கு இவ்வேறுபாட்டைக் கருதி விசிறி தெரிதல் நன்று.

கம்பிகளின் பொருள்

விசிறியினின்று வெளிவரும் கம்பிகள் இரண்டோ, மூன்றோ, நான்கோ ஆகும். இரண்டாயின், ஒன்று 12 உவோற்று மின்னைக் கொணர்வது; மற்றையது அம்மின் மீளும் நிலக் கம்பி. இத்தகைய விசிறி சுழல்கின்றதா, நின்றுவிட்டதா என்பதைத் தாய்ப்பலகை அறியமாட்டாது. மூன்றாவது கம்பி அக்குறையை நீக்குகின்றது. விசிறி ஒருமுறை சுழலுந்தோறும் அக்கம்பியில் இரண்டு துடிப்புக்கள் எழும். செக்கனுக்கு 40 துடிப்புக்கள் வந்தால் 20 சுழற்சிகள் நிகழ்ந்தன என்பது பெறப்படும்; அஃதாவது நிமிடத்துக்கு 1,200 சுழற்சிகள். தாய்ப்பலகை இவ்வாறு எண்ணியே கதியைத் திரையிற் காட்டுகின்றது. நான்காவது கம்பி தாய்ப்பலகையினின்று விசிறிக்குக் கட்டளை கொண்டு செல்வது. மூன்றாவது கம்பி விசிறி பேசுவது. நான்காவது விசிறி கேட்பது.

நிறங்களைக் கண்டு மயங்குவார் பலர். மூன்று கம்பி விசிறியிற் பெரும்பாலும் கறுப்பு நிலக் கம்பி; சிவப்பு 12 உவோற்று; மஞ்சள் கதி கூறுவது. நான்கு கம்பி விசிறியிலோ கறுப்பு நிலம். மஞ்சள் 12 உவோற்று. பச்சை கதி கூறுவது. நீலம் கட்டளை கொள்வது. ஒன்றிற் செய்தி கூறும் மஞ்சள் மற்றையதில் மின்வலு கொணர்தலைக் காண்க. வலு வழங்கியினின்று வரும் பழைய நான்முனைச் செருகியில் மஞ்சள் 12 உவோற்று, சிவப்பு 5 உவோற்று, நடுவிலுள்ள இரு கறுப்புக்களும் நிலம். ஆண்டுச் சிவப்பின் பொருள் வேறாதலையும் நோக்குக. அன்றியும், எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே அமைந்த விசிறிகளும் இக்காலத்துப் பல உள. ஆதலின் கம்பியை வெட்டி ஒட்டுவார் நிறத்தை நம்பாது, செருகியின் முனை வரிசையை எண்ணியும் மானியால் அளந்தும் தெளிதல் வேண்டும். முதன்முனை நிலம், இரண்டாவது 12 உவோற்று, மூன்றாவது கதி, நான்காவது கட்டளை என்னும் வரிசை மாறுவதில்லை.

இவ்வரிசை ஒன்றாயிருத்தலினாலேயே, மூன்றுமுனைச் செருகி நான்குமுனைப் பொருத்திலும், நான்குமுனைச் செருகி மூன்றுமுனைப் பொருத்திலும் இசைகின்றது. செருகியின் புறத்தேயுள்ள வரம்புகளும் பொருத்தின் பின்னுள்ள நாக்கும் பிழையாகச் செருகுவதைத் தடுக்கும். வலிந்து அழுத்தவேண்டி வருமாயின், அது பிழையான வழி என்றே அறிக.

இணைக்கும் முறை

பெட்டியைத் திறக்குமுன் கணினியை நிறுத்தி, சுவராளியை அணைத்து, மின்வடத்தைக் கழற்றுதல் முதற் கடமை. பின்னர்ப் பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குதல் வேண்டும். வலு வழங்கியைத் திறத்தல் ஆகாது. அதனுள் இருக்கும் கொள்ளளவிகள் மின்வடத்தைக் கழற்றிய பின்னும் உயிர்க்கு ஊறு விளைக்கத்தக்க மின்னேற்றத்தைத் தாங்கியிருத்தல் கூடும். அதன் விசிறி பழுதுற்றால் முழு அலகையும் மாற்றுக.

தாய்ப்பலகையில் விசிறிப் பொருத்துக்கள் பல உள. ‘சீ.பீ.யூ. பான்’ என எழுதப்பட்டது முறைவழியாக்கியின் விசிறிக்கு உரியது. அதனிற் கதித் துடிப்பு வாராதாயின் பல கணினிகள் எச்சரிக்கை காட்டித் தொடங்காது நிற்கும். ‘சிஸ் பான்’ அல்லது ‘சா பான்’ என்றுள்ளவை பெட்டியின் விசிறிகளுக்கு உரியன. ஒரு பொருத்துத் தரக்கூடிய மின்னோட்டம் பொதுவாக 1 அம்பியர். அஃதாவது 12 உவாற்று. 120 மில்லிமீற்றர் விசிறிகள் பல 0.1 தொடக்கம் 0.3 அம்பியர் வரை கொள்வன. அவ்வெண் விசிறியின் நடுவில் ஒட்டிய தாளிற் பொறிக்கப்பட்டிருக்கும். 0.2 அம்பியர் விசிறிகள் மூன்றினை ஒரு பிரிப்பு வடத்தால் ஒரே பொருத்தில் இணைத்தால் 0.6 அம்பியர் ஆகும், இஃது எல்லைக்குட்பட்டது. விசிறி தொடங்குங் கணத்தில் மின்னோட்டம் மிகுமாதலால் எல்லைவரை ஏற்றாது இடம் விடுதல் அறிவுடைமை. தாய்ப்பலகையின் கைந்நூலைப் பார்த்தே எல்லையைத் துணிக.

பிரிப்பு வடத்தைக் கவனமாக நோக்குவார், ஒரு கிளையில் மட்டுமே மூன்றாங் கம்பி இருத்தலையும் ஏனையவற்றில் அஃது இன்மையையும் காண்பர். இது செய்தவர் மறதியன்று. இரண்டு விசிறிகளின் துடிப்புக்கள் ஒரே கம்பியிற் கலப்பின் எண்ணிக்கை பொய்யாகும். ஆதலின் ஒன்று பேச, மற்றவை வாளா இருக்கின்றன. ஆயின், வாய் மூடிய விசிறி நின்றுபோயினும் திரையில் அது தோன்றாது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். விசிறிகள் மிகப் பலவாயின், வலு வழங்கியினின்று நேரே மின் பெற்று, தாய்ப்பலகையினின்று கட்டளை மட்டும் பெறும் இணைப்பு மையத்தை அமைத்தல் நன்று.

கதியை ஆளும் முறைகள்

வீட்டுக் கூரையிற் சுழலும் விசிறிக்குச் சுவரில் ஒரு சீராக்கி உண்டு. பழைய சீராக்கிகளின் பெட்டிக்குள் தடைக்கம்பிச் சுருள்கள் இருந்தன. விசிறி மெல்லச் சுழலுங்கால் அப்பெட்டியைத் தொட்டோர் சூட்டை உணர்ந்திருப்பர். விசிறிக்குச் செல்லாத மின் அங்கே வெப்பமாகக் கழிந்தது. கணினி விசிறியை ஆளும் முதன்முறையும் இத்தகையதே. சிறு தடை ஒன்றைக் கம்பியின் இடையே சேர்த்துக் கதியைக் குறைக்கலாம். ஆயின் அக்கதி என்றும் ஒன்றேயாய் நிற்கும்.

இரண்டாவது, 12 உவோற்றைக் குறைத்து அளித்தல். மூன்று கம்பி விசிறிகளைத் தாய்ப்பலகை இம்முறையாலேயே ஆள்கின்றது. இதற்கு ஓர் எல்லை உண்டு. விசிறிகள் பல 5 உவோற்றுக்குக் கீழ் இயங்கமாட்டா. சில 7 உவோற்றேனும் இன்றித் தொடங்கமாட்டா. 12 உவோற்றுக் கம்பிக்கும் 5 உவோற்றுக் கம்பிக்கும் இடையே விசிறியை இணைத்து 7 உவோற்றுப் பெறும் உபாயத்தைச் சிலர் கையாள்வர். மீளும் மின்னோட்டம் 5 உவோற்றுக் கம்பியினுட் பாய்தலால், அக்கம்பியின் சுமை குறைந்த வேளையில் அதன் மின்னழுத்தம் உயர்ந்து பிற உறுப்புக்களுக்குத் தீங்கு நேரலாம். இவ்வுபாயத்தை விடுத்தலே நன்று.

மூன்றாவது, துடிப்பகல முறை. இதன்கண் விசிறிக்கு எப்பொழுதும் முழு 12 உவோற்றும் செல்லும். நான்காங் கம்பியில் மட்டும் செக்கனுக்கு ஏறத்தாழ 25,000 துடிப்புக்கள் கட்டளையாகச் செல்லும். ஒவ்வொரு துடிப்பிலும் ‘ஓடு’ என்னும் காலம் பாதியாயின் கட்டளை 50 சதவீதம்; முழுமையாயின் 100 சதவீதம். விசிறியின் நுண்சுற்று அதனைப் படித்துத் தன் சுருள்களின் மின்னைத் தானே அளவிடும். வலு செல்லும் வழி வேறு, கட்டளை செல்லும் வழி வேறு என்பதே இம்முறையின் சிறப்பு. ஹோல் உணரிக்கு முழு மின்னழுத்தமும் கிடைத்தலால் மெல்லச் சுழலும்போதும் கதி செவ்விதாக அறியப்படும். 25 கிலோஹேட்சு எனத் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. மனிதச் செவி 20 கிலோஹேட்சுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. மீடிறன் அதற்குக் கீழே அமையின் சுருள்கள் இரையும் ஒலி நம்மை வருத்தும். நான்காங் கம்பி அறுந்தாலோ இணைக்கப்படாவிட்டாலோ விசிறி முழுக்கதியிற் சுழலும். கட்டளை இழந்தபோது பாதுகாப்பின் பக்கமே சாயுமாறு அதனை அமைத்துள்ளனர்.

இதனால் ஒரு நடைமுறைத் தெளிவு பிறக்கின்றது. மூன்று கம்பி விசிறியை நான்குமுனைப் பொருத்திற் செருகிய பின் அது ஓயாது முழுக்கதியில் ஓடுமாயின், விசிறி பழுதென எண்ணற்க. பொருத்துத் துடிப்பு முறையில் அமைந்திருக்கின்றது. கேட்குங் கம்பி விசிறிக்கு இல்லை. கணினியின் தொடக்க அமைப்புத் திரையில் அப்பொருத்தை மின்னழுத்த முறைக்கு மாற்றின் அது கட்டுப்படும்.

கதியைக் குறைத்தலாற் பெறும் பயன் நாம் எண்ணுவதினும் பெரிது. விசிறியின் விதிகள் மூன்று. வளியின் அளவு கதிக்கு நேர்விகிதம். அமுக்கம் கதியின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வலு கதியின் கனத்துக்கு நேர்விகிதம். கதி பாதியாயின் வளி பாதி, அமுக்கம் காற்பங்கு, வலு எட்டிலொரு பங்கு. ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபெல் தணியும். அத்தகைய விசிறி மற்றொன்றைச் சேர்த்து வளியின் அளவை மீட்டால் ஒலி 3 டெசிபெல்லே கூடும். எனவே விரைந்தோடும் ஒரு விசிறியினும் மெல்லச் சுழலும் இரண்டு விசிறிகள் நன்று. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நேர்ந்ததை நாம் மறந்திலோம். மின்கலத்தில் ஓடுங் கணினியில் 0.2 அம்பியர் விசிறிகள் நான்கு முழுக்கதியிற் சுழன்றால் 9.6 உவாற்றுச் செலவாகும். பாதிக் கதியில் விதிப்படி 1.2 உவாற்றே ஆகும். சுற்றின் இழப்பால் நடைமுறையிற் சிறிது மிகினும் சேமிப்பு வெளிப்படை. ஆயின் அமுக்கம் காற்பங்காதலையும் மறத்தலாகாது. தூசியடைந்த வடியினூடே இழுக்கும் விசிறி மெல்லச் சுழலின் காற்று வாராது.

வெப்பநிலைக்கேற்ற கதி

இக்காலத் தாய்ப்பலகைகள் வெப்பநிலைக்கும் கதிக்கும் உள்ள தொடர்பை ஒரு வளைகோடாக வரைந்துகொள்ள இடந்தருகின்றன. இதனை நம்மூருக்கேற்ப வரைதல் வேண்டும். பிறநாட்டார் 40 பாகையில் கதி உயரத் தொடங்குமாறு வைப்பர். நம் அறை 32 பாகையாயின், வேலையற்றிருக்கும் முறைவழியாக்கியே 45 பாகையளவில் நிற்கும். ஆகவே அவ்வளைகோட்டில் விசிறி ஓய்வின்றி இரையும். எடுத்துக்காட்டாக, 50 பாகை வரை 30 சதவீதம், 65 பாகையில் 50 சதவீதம், 75 பாகையில் 80 சதவீதம், 85 பாகையில் முழுக்கதி என அமைக்கலாம். முறைவழியாக்கிகள் பலவற்றுக்கு உச்ச எல்லை 95 தொடக்கம் 100 பாகை. அதனை அணுகின் அவை தம் கதியைத் தாமே குறைக்கும். மேலும் சூடேறின் கணினி தானே நின்றுவிடும். காரணமின்றி மந்தமாகும் கணினி பலவேளை வெம்மையால் தன்னைக் காத்துக்கொள்ளும் கணினியே.

முறைவழியாக்கியின் வெப்பநிலை கணப்பொழுதில் ஏறி இறங்கும் இயல்பினது. அதனைத் தொடர்ந்து விசிறியும் ஏறி இறங்கின் அதன் ஒலி படிப்போர்க்குத் தொல்லையாம். ஆகவே சில செக்கன் தாமதத்தையும், ஏறும் எல்லைக்கும் இறங்கும் எல்லைக்கும் இடையே சில பாகை வேறுபாட்டையும் வைத்தல் முறை. பெட்டியின் விசிறிகளைத் தாய்ப்பலகையின் வெப்பநிலைக்கேற்ப நடத்துதல் இன்னும் அமைதி தரும். மிகத் தாழ்ந்த கட்டளையில் விசிறி நின்று நின்று தொடங்குமாயின், அது தடையின்றிச் சுழலும் அளவுக்குக் கட்டளையை உயர்த்துக.

காற்றின் வழியும் தூசியும்

விசிறியின் சட்டத்தில் அதன் தாங்குகோல்களும் ஒட்டுத்தாளும் உள்ள பக்கத்தாலேயே பெரும்பாலும் காற்று வெளிவரும். சிலவற்றில் அம்புக்குறியும் உண்டு. முன்பக்கத்தால் உள்ளிழுத்து, பின்பக்கத்தாலும் மேற்பக்கத்தாலும் வெளியேற்றுதல் பொது வழக்கு. சூடான வளி மேலெழும் இயல்புக்கும் அஃது ஒத்தது. முன்னும் பின்னும் உள்ள இரண்டும் வெளியேற்றுமாறு பொருத்துதல் அடிக்கடி காணப்படும் பிழை. முற்றத்து வாயிலை அடைத்துப் புகைக்கூடு இரண்டு வைத்தாற் போல்வது அது. உட்புகுத்தும் வளி வெளியேற்றும் வளியினும் சிறிது மிகுமாறு அமைத்தால் பெட்டிக்குள் அமுக்கம் சற்றே உயரும். அப்பொழுது இடுக்குகளினூடே காற்று வெளியேறுமேயன்றி உள்நுழையாது. வடி பொருத்திய வாயிலால் மட்டும் வளி வருதலின் தூசி குறையும்.

குடாநாட்டவராகிய நமக்கு இஃது இன்றியமையாதது. சோளகக் காலத்தில் செம்மண்ணின் துகளும் மணலும் வீட்டினுள் வந்து படிகின்றன. கடல் எம்மூருக்கும் தொலைவிலில்லை. உப்பு ஈரம் காற்றில் உண்டு. வாடைக் காலத்து ஈரம் இத்தூசியில் ஊறின் அது மின்னைக் கடத்தவும் உலோகத்தை அரிக்கவும் வல்லதாகும். ஆதலின் சோளகம் ஓய்ந்த பின், மாரி தொடங்குமுன் ஒருமுறை பெட்டியைத் திறந்து துப்புரவு செய்தல் நலம். மெல்லிய தூரிகையும் சைக்கிட் பம்பின் காற்றும் பெரும்பாலும் போதும். ஊதுங்கால் விசிறியின் இதழ்களை விரலாற் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். அன்றேல் அது மிகு கதியிற் சுழன்று போதிகையைக் கெடுக்கும். சுழலும் காந்தம் முன்னே கூறிய தைனமோவாகி மின்னைத் தாய்ப்பலகைக்குத் திருப்பியனுப்பவுங் கூடும். தூசி வருமென்று ஓடுங் கணினியைத் துணியால் மூடுதலும், கதவடைத்த அலுமாரிக்குள் வைத்தலும், சுவரோடு ஒட்டி நிறுத்துதலும் தவிர்க்கப்படவேண்டியன. வெளியேறிய சூட்டையே மீண்டும் உட்கொள்ளுங் கணினிக்கு எத்தனை விசிறி வைத்தும் பயனில்லை.

ஈற்றில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். கணினி அறையில் ஒரு கொப்பி வைத்து, தவணைதோறும் ஒவ்வொரு கணினியின் விசிறிக் கதியையும், ஒரே வேலையில் அது காட்டும் வெப்பநிலையையும், அன்றைய அறை வெப்பநிலையையும் குறித்து வருதல் வேண்டும். சென்ற தவணை 1,200 சுழற்சி காட்டிய விசிறி அதே கட்டளையில் இம்முறை 900 காட்டுமாயின் போதிகை தேய்கின்றது. கதி மாறாது வெப்பநிலை மட்டும் உயருமாயின் தூசி அடைந்துள்ளது, அல்லது பசை உலர்ந்துள்ளது. அறை வெப்பநிலையைக் கழித்து ஒப்பிடுதலால் சித்திரை வெயிலையும் பொறியின் பழுதையும் வேறுபிரித்தறியலாம். இவ்வாறு அறிந்தோர் விசிறி ஒன்றினை மாற்றிக் கணினியைக் காப்பர். அறியாதார் ஒருநாட் காலையிற் கணினி எழாமை கண்டு, அதனையும் அதன்கண் இருந்தவற்றையும் எண்ணி இரங்குவர். நான்கு கம்பிகளின் பொருளை அறிதற்கு ஒரு பாடவேளை போதும்.